குழப்படி என்ற ஒரே ஒரு சொல்

தெமட்டகொடையில் ஒரு பிள்ளை கதிரையில் நிலையாக இருக்காவிட்டால் அதற்கு ஒரே பெயர்தான்: குழப்படி. வீட்டிலும் அதுதான், பள்ளிக்கூடத்திலும் அதுதான், ரியூசனிலும் அதுதான். வைத்தியமும் ஒன்றுதான்: அடி. பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தது 2005இல். பிரம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஏ.டி.எச்.டி. என்று சொன்னால் உடனே பதில் வரும்: "அதெல்லாம் வெள்ளைக்காரன்ட வருத்தம். போன் பார்த்துப் பார்த்து வந்தது." ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் லண்டனில் இப்படியான பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்தது 1902இல். அப்போது எந்தப் பிள்ளையின் கையில் போன் இருந்தது? உலக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் அளவில் வருகிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். அதில் ஒருத்தி மூலையில் சத்தமில்லாமல் கனவு காண்கிற பெண் பிள்ளையாகவும் இருக்கலாம். அவளை யாரும் குழப்படி என்று சொல்வதில்லை. அதனால் அவளை யாரும் கிளினிக்குக்குக் கொண்டுபோவதுமில்லை.

எங்கள் சண்டை சமூகத்தோடு மட்டுமல்ல, சிகிச்சையின் தரத்தோடும்தான்.

இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்தனவா, ஆறு மாதமாவது தொடர்கின்றனவா, வீடு பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலாவது தெரிகின்றனவா என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அதாவது அம்மாவின் வாயும் ரீச்சரின் வாயும்தான் இங்கே பரிசோதனை. அந்த வாய் பேசுவது தமிழ். கேட்கிற காதுக்குத் தமிழ் தெரியாவிட்டால்?

எங்களில் ஒருவர் பன்னிரண்டு வயதில் தன் தம்பிக்காக ஒரு கிளினிக்கில் மொழிபெயர்த்தவர். அம்மா பத்து நிமிசம் கதைத்தா. பிள்ளை பிறந்ததிலிருந்து தொடங்கி, ராத்திரி நித்திரையில்லாதது, றோட்டுக்கு ஓடியது, எழுதத் தொடங்கி அரைவாசியில் விட்டது, எல்லாம். அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் அது ஒரே வசனமாகப் போனது: "தம்பி நல்லாக் குழப்படி, டொக்டர்." பத்து நிமிசப் பரிசோதனை அங்கேயே தொலைந்துவிட்டது. அந்த டொக்டரில் பிழையில்லை, பிள்ளையிலும் பிழையில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிவிட்டு, ஒரு சிறுவனை உரைபெயர்ப்பாளனாக்கும் முறையில்தான் பிழை.

மருந்திலும் இதே கதைதான். மெதில்பெனிடேட் பல பிள்ளைகளுக்கு நன்றாக உதவுகிறது. ஆனால் சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணித்தியாலம்தான் வேலை செய்யும். பசி குறையலாம், நித்திரை குழம்பலாம். நிறை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதைத் தன் மொழியில் கேட்காத தாய், பிள்ளை சாப்பிடவில்லை என்று மூன்றாம் நாளே மருந்தை நிறுத்திவிடுவா. பிறகு அவவுக்குப் பெயர் "சொல்வழி கேளாத அம்மா".

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாத்திரைக்கு முன் பெற்றோருக்கான பயிற்சி என்கிறது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகத்தின் 2019 வழிகாட்டி. அந்தப் பயிற்சி தமிழில் எங்கே, எந்தக் கிழமை நடக்கிறது என்று உங்கள் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

"டொக்டர்மார் நாட்டை விட்டுப் போறாங்க, இருக்கிறவங்களுக்கு மூச்சு விட நேரமில்ல" என்பார்கள். உண்மைதான். 2022க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் நாங்கள் புதிய கட்டடம் கேட்கவில்லை. லேடி ரிட்ஜ்வே 1895இலிருந்து பொரளையில் இருக்கிறது, இங்கிருந்து கிட்டத்தான். இலவச வைத்தியம் எங்கள் பெருமை. நாங்கள் கேட்பது சின்ன விசயங்கள்: சிறுவர் மனநலக் கிளினிக் நாளில் பயிற்சி பெற்ற ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளர். அம்மாவுக்கும் ரீச்சருக்கும் தமிழில் வினாத்தாள். மருந்தோடு ஒரு பக்கத் தமிழ் விளக்கம். மாதம் ஒருமுறை பெற்றோருக்குத் தமிழில் வகுப்பு. இதற்கு விசேட வைத்திய நிபுணர் தேவையில்லை, மனம்தான் தேவை.

அதுவரை எங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் ஒரு தாய் கிளினிக்குக்குப் போகிறா என்றால், சிங்களம் தெரிந்த நீங்கள் அரை நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள். அவ பத்து நிமிசம் கதைத்தால், பத்து நிமிசமும் மொழிபெயருங்கள்.