கரிசல்ல குழாய் நடாதீங்க சாமி!

போன பங்குனியில கோவில்பட்டி பக்கம் சித்தப்பா காட்டை அளக்க ஜிபிஎஸ் பேஸ் ஆன்டெனா வச்சாங்க. எங்கேன்னு கேளுங்க. உழவு நிலத்துல ரெண்டடி குழி, கொஞ்சம் சிமென்ட், ஒரு இரும்புக் குழாய். "வானம் திறந்து கிடக்கே தம்பி, அப்புறமென்ன?"

வானம் சரி. தரை? கரிசல் மழையில ஊதும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும். மீதிக் காட்டை ஐப்பசிக்கு மேல அதே குழாயை வச்சே அளப்பாங்களாம். அது நின்ன இடத்துல நிக்குமா? பேஸ் நகர்ந்தா, அதை நம்பி ஊன்றுற ஒவ்வொரு எல்லைக்கல்லும் தப்பு. ஒரு சாண் வரப்புக்கு வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடக்கிற ஊருங்க இது!

"மொட்டை மாடி மட்டும் வெயில்ல விரியாதா?"ன்னு ஒரு அறிவாளி. விரியும், மில்லிமீட்டர் கணக்குல. அஸ்திவாரம் உறுதியான கான்கிரீட் கட்டடத்துல, தூண் வர்ற இடமாப் பார்த்து, தண்ணித் தொட்டியை விட உசரமா வைங்க. பக்கத்துல தகரக் கூரை வேண்டாம், சிக்னலைத் திருப்பி அடிக்கும். தரைதான் வேணும்னா கரிசலைத் தாண்டி கெட்டித் தரை வரைக்கும் தோண்டணும்.

இன்னொரு கூத்து, வெளிநாட்டு மேனுவலைப் பார்த்துட்டு 'தெற்கு வானம் தெரிஞ்சா போதும்'ங்கிறது. செயற்கைக்கோள் பாதையோட சாய்வு 55 டிகிரி, அதனால ஐரோப்பாக்காரனுக்கு வடக்கே கொஞ்சம் காலி. நாம இருக்கிறது 9 டிகிரியில. நமக்கு வடக்கேயும் வந்து போகும், அங்க நிக்கிற வேப்பமரமும் மறைக்கும்.

சித்தப்பா வீட்டுச் சுவர் விரிசல்ல ரெண்டு விரல் போகும். அளக்க வந்தவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். சிரிச்சாங்க. குழாய் இன்னும் அங்கேயேதான் நிக்குது. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நானே வந்து அதையும் புடுங்கணும் போல :)