மூன்று வினாக்கள், நூற்று முப்பது நாள்கள்

கௌரவ கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிய மனுக்கள் தங்கள் அமைச்சுக்குப் புதியவை அல்ல. பெற்றோர் கேட்டிருக்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். கோப்பு தடித்ததுதான் மிச்சம். ஆகவே தபாலில் போக வேண்டியது இம்முறை அச்சில் வருகிறது. விதிகளையும் சுற்றறிக்கைகளையும் இங்கே அடுக்கப் போவதில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஒருவருக்கு அவற்றை எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஒரேயொரு பரீட்சையை மட்டும் நினைவூட்ட அனுமதியுங்கள்.

2024 செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள், பத்து வயதுக்காரர்கள், பரீட்சை எழுதினார்கள். முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியில் போய்விட்டன என்பது பிறகு தெரியவந்தது. மூன்றே மூன்று. நிபுணர் குழு கூடியது. அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி என்று முடிவாயிற்று. பெற்றோர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசெம்பர் 31ஆம் திகதி, அந்த முழுப்புள்ளி முடிவு அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்ப்பு வந்தது. பெறுபேறு வெளியானது 2025 ஜனவரி 23ஆம் திகதி, வியாழக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை, 27ஆம் திகதி, புதிய கல்வியாண்டு தொடங்கிவிட்டது. எண்ணிப் பார்த்தால் நூற்று முப்பது நாள்கள். ஆரம்பப் பாடசாலையில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற கடைசி மாதங்கள் முழுவதும் அந்த நூற்று முப்பதுக்குள் போய்விட்டன. வினாவை வெளியே விட்டவர் பெரியவர். தீர்வு என்று முடிவெடுத்தவர்கள், வழக்குப் போட்டவர்கள், வாதாடியவர்கள் எல்லாரும் பெரியவர்கள். காத்திருந்தது மட்டும் பிள்ளைகள்.

அது முந்திய ஆட்சியில் நடந்தது என்பீர்கள். பரீட்சை நடந்து ஆறு நாள் கழித்துத்தான் ஜனாதிபதித் தேர்தல் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி யார் கசியவிட்டார் என்பதல்ல. மூன்று வினாக்கள் கசிந்தால் ஒரு நாடு ஏன் நான்கு மாதம் தடுமாற வேண்டும்? நான்காம் தரத் தவணைப் பரீட்சையில் மூன்று வினாக்கள் வெளியே போயிருந்தால் ரீச்சர் என்ன செய்திருப்பார்? அந்த மூன்றையும் வெட்டிவிட்டு மிச்சத்தைத் திருத்தியிருப்பார். பிள்ளை வீட்டுக்குப் போய் விளையாடியிருக்கும். இங்கே அப்படி வெட்ட முடியவில்லை. வெட்டினால் சொந்த முயற்சியில் சரியாக எழுதிய பிள்ளைக்கு நட்டம். எல்லாருக்கும் கொடுத்தால் அதே பிள்ளைக்கு வேறு விதமான நட்டம். ஏனென்றால் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி மேலே நின்றால் ஒரு பாடசாலை, ஒரு புள்ளி கீழே நின்றால் வேறொரு பாடசாலை. பத்து வயதுப் பிள்ளையின் அறிவை ஒரு புள்ளி வித்தியாசத்தில் அளந்து சொல்லக்கூடிய வினாத்தாள் உலகத்தில் எங்கும் இல்லை. இது ஆட்களைக் கழிக்கிற கருவி. கழிப்பதற்கு இவ்வளவு விலை இருப்பதால்தான் வினாக்களுக்கும் விலை வந்தது. நாளைக்கு வினாத்தாளை இரும்புப் பெட்டியில் பூட்டி ஆயுதப் பொலிஸ் நிறுத்தினாலும் அந்த விலை குறையாது.

ஏழைப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஏணி இதுதானே, அதைத் தூக்கிவிடவா சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் பரீட்சையை ஏசுவது நேர்மையல்ல. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1940களில், இந்த ஏற்பாடு வந்தபோது ஏணியின் மேல் நுனியில் மத்திய கல்லூரிகள் இருந்தன. கிராமப்புறங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை எழுப்பப்பட்டன. பாடசாலையைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். திறமையுள்ள ஏழைப் பிள்ளை அங்கே தங்கிப் படிக்கப் பணமும் கொடுத்தார்கள். இன்று பத்தாயிரத்தைச் சுற்றிய அரச பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் நானூறுக்கும் குறைவு. அவற்றிலும் பெற்றோர் வாயில் வருகிற பெயர்கள் சில மட்டுமே. பக்கத்துப் பாடசாலையை நிமிர்த்துவதற்குப் பதிலாக, அதிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறோம். பிறகு அந்தப் பாடசாலையில் பெறுபேறு இல்லை என்று குறை சொல்கிறோம். ஏணியில் ஏறுவதற்கும் இப்போது காசு வேண்டும்: ரியூசன், மாதிரி வினாத்தாள் கட்டு, ஞாயிறு கருத்தரங்கு. ஏறிய ஏழைக்குக் கிடைக்கும் மாதாந்தக் கொடுப்பனவு 750 ரூபாவாக இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினீர்கள். நன்றி. ஆனால் ஏழைப் பிள்ளைக்கு உதவுவதற்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தால் போதுமே. மூன்று இலட்சம் பேரை வரிசையில் நிறுத்தி வடிகட்டத்தான் வேண்டுமா? உதவிக்கும் தெரிவுக்கும் ஒரே பரீட்சை என்று முடிச்சுப் போட்டுவிட்டு, அவிழ்க்கச் சொன்னால் ஏழையைக் காட்டுகிறோம்.

பரீட்சை கட்டாயமில்லை, ஆசை பெற்றோருடையது என்பது அடுத்த பதில். ஆம், பெற்றோருக்கு ஆசைதான். படலையில் பிள்ளைகளின் படத்தையும் புள்ளியையும் போட்டுப் பதாகை கட்டுவது பாடசாலை. இத்தனை பேர் சித்தி என்று அதிபரிடம் கணக்குக் கேட்பது வலயக் கல்வி அலுவலகம். இவ்வளவுக்கும் நடுவில் எழுதாமல் விட்டுவிடும் சுதந்திரம் பிள்ளைக்கு இருக்கிறதாம்! பரீட்சைக்குச் சில நாள் முன்பு ஒவ்வோர் ஆண்டும் பரீட்சைத் திணைக்களம் ஒரு அறிவித்தல் விடுகிறது: நள்ளிரவு முதல் ரியூசன் வகுப்புக்குத் தடை, கருத்தரங்குக்குத் தடை, மாதிரி வினாத்தாள் அச்சிடத் தடை, மீறினால் 1911 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். அந்த வகுப்பு பிள்ளைக்குக் கேடு என்று அரசுக்குத் தெரிகிறது. தெரிந்தும், சில நாள் மட்டும் கேடு, மற்ற நாளெல்லாம் ஆகலாம். கசிப்புக்குக்கூட இப்படி ஒரு சட்டம் இல்லை.

2025இல் நிலைமை சீராகிவிட்டது என்று தங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதித் தருவார்கள். உண்மைதான், ஓகஸ்ட் 10 பரீட்சை, செப்டெம்பர் முதல் வாரத்திலேயே பெறுபேறு. சரி, அதற்குப் பிறகு? ஆண்டு முடிய மாதங்கள் கிடக்கின்றன. ஓகஸ்ட் வரைக்கும் கடந்தகால வினாத்தாளைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு, அதன்பின் ஐந்தாம் தரத்தில் படிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றாது. வகுப்பே இரண்டாகிவிட்டது: எந்தப் பாடசாலை கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற சிலர், தாங்கள் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பலர். சித்திரம் கீறவும், கதைப் புத்தகம் வாசிக்கவும், ஐந்து வருடம் பக்கத்தில் இருந்த சிநேகிதப் பிள்ளையிடம் விடைபெறவும் இருந்த மாதங்கள் அவை. தாங்கள் அறிவித்த சீர்திருத்தம் முதலாம் தரத்திலும் ஆறாம் தரத்திலும் தொடங்குவதாகச் சொன்னீர்கள். இரண்டுக்கும் இடையில் ஐந்து என்றொரு எண் இருக்கிறது, அமைச்சர் அவர்களே.

விசாரணைக் குழு வேண்டாம். இன்னொரு நிபுணர் அறிக்கையும் வேண்டாம். அடுத்த முறை விண்ணப்பம் கோருகிற அறிவித்தல் வெளியாவதற்கு முன், அந்த மூன்று வினாக்களையும் எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இவற்றுக்காகத்தான் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனோம்.