சன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் இரைச்சல்

தோட்டத்தை விட்டு வந்து, நெடுஞ்சாலை ஓர அடுக்குமாடிகளில் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு இரவுத் தூக்கம் இன்னமும் பிரச்சினைதான்.

பழைய மலிவு விலை வீடுகள் பலவற்றில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல்களே இருக்கின்றன. காற்றோட்டத்துக்கு நல்லவை. ஆனால் மூடிய பிறகும் பட்டைகளுக்கு இடையே சந்து இருக்கும். காற்று நுழையும் சந்தில் ஓசையும் நுழையும். எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும், சன்னல் பரப்பில் ஒரு விழுக்காடு திறந்திருந்தால் சுமார் 20 டெசிபலுக்கு மேல் இரைச்சல் குறையாது. வெளியே 70 என்றால் உள்ளே 50. படுக்கையறைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்ததோ 30.

திரைச்சீலையை நம்பிப் பயனில்லை. ரப்பர் விளிம்போடு இறுக மூடும் சன்னலுக்கு மாற்றினால் வித்தியாசம் தெரியும். வாடகை வீட்டில் அந்தச் செலவை யார் ஏற்பது? ஏற்றாலும், மூடிய அறைக்கு ஏர்கோன் வேண்டும்; மின்கட்டணம் ஏறும். வசதியுள்ளவர் அமைதியை வாங்கிக்கொள்கிறார், மற்றவர் சகித்துக்கொள்கிறார்.

சாலையோரத் தடுப்புச் சுவர் கீழ்மாடிகளுக்கு உதவும். சுவருக்கு மேலே சாலை நேராகத் தெரியும் மாடிகளுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அவர்களுக்கு இரைச்சல் கிளம்பும் இடத்திலேயே அடங்க வேண்டும். மோட்டார் வாகன இரைச்சலுக்கு மலேசியாவில் 1987 முதல் விதிமுறைகள் உண்டு. எக்ஸோஸை மாற்றிய மோட்டார் சைக்கிள்கள் நள்ளிரவிலும் ஓடுகின்றன என்றால், குறை அமலாக்கத்தில்தான். புகார் செய்யும் குடியிருப்பாளர்கள் நாள், நேரம், சாலைப் பெயர் மூன்றையும் குறித்துக் கொடுத்தால், சோதனை எப்போது, எங்கே என்று அதிகாரிகளிடம் கேட்கவாவது இடமிருக்கும்.