பெயர்ப் பலகையில் இருக்கும் பான் எண்

ஒரு வணிகர் தம்மைப் பற்றிய எந்தத் தகவல்களை வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; எவற்றை வெளியிடத் தேவையில்லை என்பதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு வரி ஆலோசகர்களையும் கணக்காளர்களையுமே சேர்கிறது.

மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் 18-ஆம் விதி, பதிவுச் சான்றிதழை வணிக இடத்தில் பார்வையில் படும்படி வைக்கவும், நுழைவாயில் பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண்ணை எழுதவும் கட்டாயமாக்குவதால், நந்தனத்திலிருந்து வெங்கடநாராயணா சாலை வழியாகத் தியாகராய நகர் செல்பவர் எவரும் கடை வாசல்களில் அந்த 15 இலக்க எண்ணைப் படிக்கலாம். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வருமான வரித் துறை வழங்கும் நிரந்தரக் கணக்கு எண்ணாகிய பான். கம்பெனியாக இருந்தால் அது கம்பெனியின் பான். தனி உரிமையாளரின் கடையாக இருந்தாலோ, அவர் வீட்டுக் கடனுக்கும் வைப்புத் தொகைக்கும் கொடுக்கும் சொந்தப் பான்.

இதைத் தவிர்க்க இயலாது. கவலைக்குரியது, சட்டம் கேட்காதவற்றையும் வணிகர்கள் தாமே சேர்ப்பதுதான்: உரிமையாளரின் படத்தோடு கூடிய சான்றிதழ் இணைப்பு, ரத்து செய்த காசோலை, கையொப்பமும் முத்திரையும் பதிந்த லெட்டர்பேடு ஆகியவை விலைப்பட்டியலோடு முன்பின் தெரியாதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்கின்றன. பிறருடைய பான், முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு பெறப்பட்ட போலி ஜிஎஸ்டி பதிவுகளைக் களைய 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் சிறப்பு நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. 2024-இலும் அது தொடர்ந்தது.

பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. 2022 செப்டம்பரில், தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலாவின் பெயரில் வந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி, புனே சீரம் இன்ஸ்டிடியூட் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் அனுப்பி ஏமாந்தது. உத்தரவிடுபவர் யார், பணம் அனுப்புபவர் யார் என்று வெளியில் தெரிந்தாலே இவ்வகை ஆள்மாறாட்டத்துக்குப் பாதி வழி திறந்துவிடுகிறது.

ஆகவே, அடுத்த கணக்குத் தாக்கலுக்காக வாடிக்கையாளர் வரும்போது, அவர் யார் யாருக்கு எந்த ஆவணங்களைக் கொடுத்திருக்கிறார் என்று ஆலோசகர்கள் கேட்டறிய வேண்டும். நகல்களின் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வரும் கடிதத்தை, அக்கடிதத்தில் உள்ள எண்ணில் அல்லாமல், முன்பே தெரிந்த எண்ணில் அழைத்துச் சரிபார்க்கும் பழக்கத்தை உண்டாக்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தாமதமின்றி அழைக்க வேண்டிய எண் 1930.