ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதுகு நோகத்தான் வேண்டுமா?

இங்கிலாந்தில் வசிக்கும் என் தமக்கையாரின் மகன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறான். 1995ஆம் ஆண்டு தயாரிப்பான மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கைகள், துணிக் கூரை. சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் நான் அங்கு சென்றிருந்தபோது, கென்ற் பகுதியின் கிராமப்புற வீதியொன்றில் என்னை அதில் ஏற்றிச் சென்றான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இடப்புறம் திரும்பும் வளைவொன்றின் நடுவில், தோண்டி மூடிய வீதிப் பகுதி மேடாகக் கிடந்தது. அதன் மேல் ஏறியதுதான் தாமதம், காரின் பின்பகுதி துள்ளி வெளிப்புறமாக விலகியது. எதிரே ஒரு வான். இருவரும் தப்பினோம். மணிக்கு 40 மைலுக்கு மேல் அவன் ஓட்டவில்லை.

"பாத்தீங்களா மாமா, ஷொக் அப்சோபர் எல்லாம் முடிஞ்சுது. இதைவிட இறுக்கமான செற் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன்" என்றான்.

அந்த 'இறுக்கமான' என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் பொறியியலாளன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆனால் பத்திரிகையில் சில ஆண்டுகள் மோட்டார் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றுண்டு. வீதியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, கல்லைப்போல் இறுகிய ஸ்பிரிங் பெருமையுமல்ல, பாதுகாப்புமல்ல.

இந்தக் காரின் பிறப்பில் ஒரு பத்திரிகையாளனுக்கும் பங்குண்டு என்பது என் போன்றோருக்கு மகிழ்ச்சியான செய்தி. பழைய பிரித்தானியப் பாணியில் எளிய, இலகுவான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மீண்டும் செய்யுமாறு மஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவிடம் எடுத்துச் சொன்னவர் பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர். பின்னர் அவரே அந்நிறுவனத்தில் சேர்ந்தார். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. நான்கு சில்லுகளுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு. எடை ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. 2016இல் பத்து இலட்சமாவது கார் தயாரானது. அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டவற்றுள் முதன்மையானது 1962இல் வந்த லோட்டஸ் எலான். கொலின் சப்மனின் அந்தக் கார் மென்மையான ஸ்பிரிங்குகளுடன்தான் வளைவுகளில் மற்றவற்றைத் தோற்கடித்தது என்பதை இன்றைய இளைஞர்கள் மறந்துவிடுகிறார்கள்.

விடயம் இதுதான். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். மேட்டில் ஏறும்போது அது அமுங்கிச் சக்தியைச் சேமிக்கிறது. சேமித்ததை அப்படியே திருப்பித் தந்தால் கார் பந்தைப்போல் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்தியை எண்ணெயின் உராய்வினால் வெப்பமாக மாற்றித் துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபர். பெயர் அதிர்ச்சியை உறிஞ்சுவதாகச் சொன்னாலும், அது உண்மையில் ஸ்பிரிங்குக்குப் பூட்டிய கடிவாளம். குதிரைக்கு ஏற்ற கடிவாளம் வேண்டும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு அடக்கத்துக்கு ஷொக் அப்சோபரின் வலுவை ஏறத்தாழ 1.4 மடங்காக்க வேண்டும். மலிவான செற்களில் இந்தப் பொருத்தம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஸ்பிரிங் இறுகியிருக்கும், அடக்குவதற்கு ஆள் இராது.

வீதியைப் பிடித்திருப்பது ரயர் மட்டுமே. ரயர் தரையை எவ்வளவு சீராக அழுத்துகிறதோ அவ்வளவுக்குத்தான் பிடிப்பு. பந்தயப் பாதை மேசையைப்போல் மட்டமானது. அங்கே இறுகிய ஸ்பிரிங் காரைச் சாயவிடாமல் காக்கும். கிராமத்து வீதியோ ஒட்டுப் போட்டது, குழி விழுந்தது, ஓரம் உடைந்தது. அங்கே சில்லு மேட்டைப் பின்தொடர்ந்து ஏறி இறங்க வேண்டும். இறுகிய ஸ்பிரிங் அதை அனுமதிப்பதில்லை. சில்லும் உடலும் சேர்ந்தே எழும்புகின்றன. ஒரு கணம் ரயரின் அழுத்தம் குறைகிறது. அந்தக் கணம் நனைந்த வளைவொன்றில் வந்தால் என்னவாகும் என்பதை நான் நேரிலேயே பார்த்துவிட்டேன். இலகுவான காருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பாரமான காருக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கை எடை குறைந்த காருக்குப் போட்டால் துள்ளல் விரைவாகும்.

மருமகனின் காரில் இன்னொரு குற்றமும் இருந்தது. முன்னைய உரிமையாளர், உயரத்தை மாற்றக்கூடிய மலிவான செற் ஒன்றைப் பூட்டிக் காரை ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் தாழ்த்தியிருந்தார். பார்வைக்கு அழகுதான். ஆனால் தாழ்த்திய ஒவ்வொரு மில்லிமீற்றரும் சில்லு மேலே எழுவதற்கு இருந்த இடத்திலிருந்து களவெடுத்தது. எம்எக்ஸ்-5இன் முதலாம் தலைமுறைக்கு அந்த இடம் முதலிலேயே தாராளமாக இல்லை. இடம் முடிந்ததும் உள்ளே இருக்கும் இறப்பர் தடுப்பில் கார் மோதுகிறது. அக்கணத்தில் அந்த இறப்பர்தான் ஸ்பிரிங்; அது மிகவும் கொடூரமான ஸ்பிரிங். அன்று எங்களைத் தூக்கி எறிந்தது அதுவென்றே நினைக்கிறேன்.

ஆகவே என் அபிப்பிராயத்தை அவனுக்குச் சொன்னேன். தொழிற்சாலை உயரத்துக்கே திரும்பு. தொழிற்சாலை ஸ்பிரிங்குகளையே தேடிப் போடு. பணத்தை நல்ல ஷொக் அப்சோபருக்குச் செலவிடு. ஜப்பானியக் கயாபா அமைதியான பாவனைக்குப் போதும். வாயு நிரப்பிய ஜேர்மனியப் பில்ஸ்ரைன் சற்று உறுதியானது. மஸ்டாவே இக்காரின் சில விசேட வகைகளுக்கு அதைப் பூட்டி விற்றது. ஒல்லாந்தின் கோனி, மீளும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இடம் தருவது. மூன்றில் எதுவும் தவறல்ல.

ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியவை உள்ளன. முப்பது வருடக் காரின் இறப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். அவற்றை மாற்றாமல் புதிய ஷொக் அப்சோபர் போடுவது, ஆடும் பல்லுக்குத் தங்கம் கட்டுவது போன்றது. புஷ்ஷின் போல்ற்றுகளைக் கார் சில்லில் நிற்கும் நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். காரை உயர்த்தி வைத்து இறுக்கிவிட்டால், இறக்கியதும் புஷ் முறுகிச் சில மாதங்களில் கிழிந்துவிடும். பல கராஜ்களில் இதைக் கவனிப்பதில்லை. பிறகு சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். இங்கிலாந்தின் உப்பு வீதிகளில் அதற்கான போல்ற்றுகள் துருவேறி இறுகியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும். ரயர் காற்றழுத்தம் 26 இறாத்தல். மற்றக் கார்களைப்போல் 32 அடித்துவிட்டுச் சவாரி கடினம் என்று குறைப்படக் கூடாது.

மறுபக்க வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். "வளைவில் கார் சாயுது மாமா. பந்தயப் பாதைக்கும் இடைக்கிடை போறனான்" என்றான். சாய்வது உண்மை. ஆனால் சாய்வு வேறு, வழுக்கல் வேறு. சாய்வு ஓட்டுநருக்கு எச்சரிக்கை சொல்கிறது. அது பிடிக்காதவர்கள் சற்றே தடித்த அன்ரி-ரோல் பார் போடலாம். நேர் வீதியில் இரு சில்லும் ஒன்றாக எழும்போது அது குறுக்கே நிற்பதில்லை. வருடத்தில் இரண்டு நாள் பாதையில் ஓடுவதற்காக மீதி 363 நாளும் வீதியில் துள்ளுவது எந்த வகையில் நியாயம்? வாரந்தோறும் பந்தயம் ஓடுபவருக்கு நான் எழுதவில்லை. அவருக்கு வேறு கணக்கு.

இன்னொன்று. பிரித்தானியாவில் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினால் அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். மறைத்தால், விபத்தின் பின் இழப்பீடு மறுக்கப்படலாம். முன்னையவர் செய்த மாற்றத்தைப் பற்றி மருமகன் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அந்த வான் எங்களை மோதியிருந்தால், உயிர் தப்பியிருந்தாலும் என் தமக்கையார் குடும்பம் பல வருடங்கள் கடன் கட்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களுக்குப் பின் ஸ்பிரிங்கில் மேலதிகமாகத் தகடு போடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அது பாரம் ஏற்றுவதற்காக. வேகத்துக்காக என்று அந்தச் சாரதிகள் ஒருபோதும் சொன்னதில்லை. பாரம் இல்லாத நாளில் கார் உதைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மருமகன் முதலில் முகத்தைச் சுளித்தான். மாமா வயதானவர், அதனால் மெத்தை கேட்கிறார் என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால் குளிர்காலத்தில் தொழிற்சாலை ஸ்பிரிங்குகளையும் பில்ஸ்ரைனையும் புதிய புஷ்களையும் பூட்டிவிட்டான். பின்னர் தொலைபேசியில் பேசியபோது, அந்த வளைவு மேட்டை வெட்டிச் சரிசெய்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"இல்லை மாமா, அப்பிடியே கிடக்குது. இப்ப கார் அதிலை ஏறி இறங்குது, அவ்வளவுதான்" என்றான்.

வீதியில் ஓடும் காரிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.