குடல் இணைந்தபின்: பட்டியலில் இல்லாத ஊனம்

மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவையில் கட்டியுள்ள பகுதியை அகற்றி, எஞ்சிய குடலை ஆசனவாய்க்கு அருகே இணைக்கிறார்கள். அவ்விணைப்பு ஆறும்வரை மலம் அவ்வழியே செல்லாதிருக்க, பெரும்பாலும் சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து ஒரு பை பொருத்தப்படும். மார்த்தாண்டத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ பேருந்தேறும் குடும்பங்களுக்கு, பை அகற்றப்படும் நாளே நோய் முடிந்த நாள்.

பலருக்குத் தொல்லை அன்றுதான் தொடங்குகிறது. இணைப்பில் கசிவு நேர்ந்தால் உள்ளே சீழ் கட்டும்; மறு அறுவை தேவைப்படலாம்; சிலருக்குப் பை நிரந்தரமாகிவிடும். கசிவின்றி ஆறியவர்களுக்கும், மலத்தைத் தேக்கிவைத்த உறுப்பு இல்லாமையால், அடக்க முடியாத அவசரமும் ஒரு மணிக்குள் பலமுறை கழிப்பறை செல்லும் நிலையும் அறியாமலே கசிதலும் வருகின்றன. மருத்துவர்கள் இதனை ‘லார்ஸ்’ என்பர். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது மிகுதி. மருந்தும் இடுப்புத் தசைப் பயிற்சியும் தணிக்கும். ஆயினும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைக்குப் பணம் தரும். இழந்த கூலியைத் தராது. இ.எஸ்.ஐ. பதிவுள்ளவர்க்குப் புற்றுநோய்க்கான நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை உண்டு. பதிவே இல்லாத தினக்கூலிக்கு அதுவும் இல்லை.

இவ்வட்டாரத்து முந்திரி ஆலையில் எடைக்கணக்கில் கூலி பெறும் ஒரு தலித் பெண்ணை எண்ணிப் பாருங்கள். எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் கூலி குறைகிறது. மலம் அள்ளுவதைப் பிறப்பின் பெயரால் ஒரு சாரார்மீது சுமத்திய சமூகம் இது. அவர்களுள் ஒருவரிடம் வாடை வீசினால், அதை நோயின் வாடையாகக் கொள்வோர் எத்தனை பேர்? எனவே அவர் காரணம் சொல்லாமலே நின்றுவிடுகிறார். அவ்விலகல் எந்தப் பதிவேட்டிலும் பாகுபாடாக ஏறாது. அவர் கிறித்தவராயின், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியாக ஏற்காததால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவும் அடைபட்டதே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 ஊனங்களுள் இது இல்லை. ‘பட்டியலில் இல்லை’ என்று சொல்லித்தான் அலுவலகங்கள் கோப்பை மூடும். அப்பதில் பாதிதான் சரி. இடஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காட்டுச் சான்று வேண்டும். ஆனால் பிரிவு 2(எஸ்), நீண்டகாலக் குறைபாடு சூழலின் தடைகளோடு சேர்ந்து சமமான பங்கேற்பைத் தடுத்தாலே ஒருவரை மாற்றுத்திறனாளி என்கிறது. விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில் 11.2.2021 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை உறுதிசெய்தது. எழுதுவதைப் பாதிக்கும் ஒரு கோளாறு கொண்டிருந்த மனுதாரருக்கு 40 விழுக்காட்டுச் சான்று இல்லாமலே, தேர்வில் எழுத்தர் உதவி பெறும் உரிமை உண்டு என்றது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்பது அச்சட்டத்தின் 2(ஹெச்) பிரிவு.

கழிப்பறைக்கு அருகில் இருக்கை, எழுந்து சென்ற நேரத்துக்குக் கூலிவெட்டு இல்லாமை, தண்ணீர் வரும் குழாய், தாழிடக்கூடிய கதவு: இவையே இங்கு நியாயமான வசதி. எந்த முதலாளியையும் இவை நொடித்துப்போகச் செய்யா.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஆவணத்தில்தான் தோற்கும். ‘குடல் இணைப்பு முடிந்தது’ என்ற ஒற்றை வரியோடு வரும் மருத்துவக் குறிப்பு, நோயாளி நலமடைந்தார் என்றே படிக்கப்படும். எனவே மறுபரிசோதனைக்குச் செல்லும்போதே, நாளொன்றுக்கு எத்தனை முறை, எத்தனை மாதங்களாக என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதனை இணைத்து, வேண்டும் வசதியைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலில் விண்ணப்பம் அனுப்புங்கள். மறுப்பு வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். மனு எழுதத் தெரிந்த சட்ட மாணவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். நாம் தேடிப் போக வேண்டியது அவரை.