உருமாற்ற நிரலும் ஆய்வின் பகுதியே

சென்ற வாரம், மைசூரு ஹெப்பாளில் உள்ள என் அறையில் அமர்ந்து, பெயர் நீக்கப்பட்ட ஆய்வகத் தரவுத் தொகுப்பு ஒன்றைப் பிறந்த தேதிவாரியாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். நம்ப இயலாத அளவுக்குப் பலர் ஜனவரி 1ஆம் நாளில் பிறந்திருந்தனர். காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. மூலத் தரவில் பலருக்கு வயது மட்டுமே இருந்தது. பழைய வடிவத்திலிருந்து புதிய வடிவத்திற்கு மாற்ற நான் எழுதிய நிரல், நடப்பு ஆண்டிலிருந்து வயதைக் கழித்து, மாதத்தையும் நாளையும் தானே இட்டு நிரப்பியிருந்தது. ஆண்டை மட்டும் பதிவதற்குப் புதிய வடிவம் இடம் தருகிறது. ஆயினும் வெற்றிடம் உறுத்தியதால் நான் நிரப்பினேன். அறுபது வயதுக்காரருக்கு ஆறு மாதப் பிழை பெரிதன்று. ஆறு மாதக் குழந்தைக்கோ அது வாழ்நாள் முழுவதற்கும் சமம்.

என் ஆய்வேட்டின் வரைவில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘தரவு மாற்றப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் கடந்து சென்றிருக்கிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்த வெட்கம்தான்.

துறைக்கு அப்பாற்பட்ட நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவமனைக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நெறிகளை வகுக்கும் எச்எல்7 என்னும் அமைப்பு 1987இல் தோன்றியது. அதன் இரண்டாம் பதிப்புச் செய்திகள் செங்குத்துக் கோடுகளால் புலம் புலமாகப் பிரிக்கப்பட்ட வரிகள். நோயாளியின் விவரம் ‘பிஐடி’ வரியிலும், சோதனை முடிவு ‘ஓபிஎக்ஸ்’ வரியிலும் வரும். அதே அமைப்பு பின்னர் உருவாக்கிய ‘ஃபயர்’ என்னும் வடிவம், இணையவழிப் பரிமாற்றத்திற்கு ஏற்றது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கிவைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், மருத்துவப் பதிவுகளின் பரிமாற்றத்திற்கு ஃபயரின் நான்காம் வெளியீட்டை ஏற்றுள்ளது. பழைய கருவிகளோ இன்னும் பழைய மொழியில் பேசுகின்றன. இடையில் நிற்பவை நாம் எழுதும் சிறு நிரல்கள்.

ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறது. தமிழகத்திலிருந்து வந்து பயிலும் இளைஞர்களை இங்கே நாள்தோறும் காண்கிறேன். அவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவர். புலத்தைப் பிரிப்பது எளிது. பிரித்ததற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதே கடினம்.

சோதனை முடிவின் நிலையை எடுத்துக்கொள்வோம். முதல்நிலை முடிவா, இறுதியா, திருத்தப்பட்டதா என்பதைப் பழைய செய்தியில் ஓர் எழுத்து சொல்லும். நடைமுறையில் அது காலியாகவும் வருவதுண்டு. ஃபயரில் அந்தப் புலம் கட்டாயம்; காலியாக விட்டால் சரிபார்ப்பில் பதிவு தேறாது. ‘அறியப்படவில்லை’ என்று குறிக்க வழி இருந்தும், அவசரத்தில் எழுதுபவர் ‘இறுதி’ என்று இட்டுவிடுகிறார். பிழைச் செய்தி மறைகிறது. மறுநாள் மாறவிருந்த முதல்நிலை முடிவு முடிந்த உண்மையாகிவிடுகிறது.

அடுத்தது பெயர். பழைய வடிவத்தில் பெயர்ப் புலத்தின் முதற்பகுதி குடும்பப்பெயருக்கு உரியது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தமிழரின் தலைப்பெழுத்தையும், மைசூருப் பக்கத்தில் ஊர்ப்பெயரையும் தந்தை பெயரையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளையும் நிரல் அந்த இடத்தில் திணிக்கிறது. மணமானபின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண், பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு வேறொருவர் ஆகிவிடுகிறார். பெயரைப் பிரிக்காமல் முழு உரையாக வைத்துக்கொள்ள ஃபயர் அனுமதிக்கிறது என்பதை எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

அலகும் அப்படித்தான். இரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கிலிருந்து மில்லிகிராம் கணக்கிற்குக் கொண்டுவர ஏறத்தாழ 18ஆல் பெருக்க வேண்டும். அலகுப் புலம் காலியாக இருக்கும்போது நிரல் ஊகிக்கும் ஒவ்வொரு அலகும் ஒரு மருத்துவ முடிவு. அதை எடுத்தவர் மருத்துவர் அல்லர்.

இவை சிறு கவலைகள் என்று எண்ணுவோர் 2020ஐ நினைவுகூரலாம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அவ்வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு பழகியோரைத் தேடும் பணியும் தாமதமாயிற்று. நோயறிதலில் பிழை இல்லை. தரவை ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசென்ற வழியில்தான் பிழை.

‘எச்எல்7 அமைப்பே மாற்றத்திற்கான வழிகாட்டி வெளியிட்டிருக்கிறதே’ என்று நெறியாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எந்தப் புலம் எங்கே செல்லும் என்பதை அவ்வழிகாட்டி சொல்லும். நம் ஆய்வகம் அந்தப் புலத்தில் உண்மையில் எதை எழுதிவந்தது என்பதை அது அறியாது. அதை அறிந்தவர் பதிவுமேசைப் பணியாளரும் ஆய்வக நுட்பரும். நிரல் எழுதும்போது அவர்களைக் கேட்பவர் அரிது.

கருவிகளின் நிலையும் மாறிவருகிறது. இத்துறையில் பரவலாகப் பயன்பட்ட மிர்த் கனெக்ட், 2025இல் 4.6ஆம் பதிப்பிலிருந்து திறந்த மூலமாக வெளிவருவது நின்றது. கருவி மூடப்படலாம், அது வணிகம். அதனுள் நாம் எழுதிய விதிகளும் அதனோடு மூடப்பட்டுவிட்டால், தரவு எப்படி இவ்வாறாயிற்று என்று பின்னாளில் வருபவர் அறிய வழியே இராது.

ஆகவே, மருத்துவத் தரவைக் கொண்டு ஆய்வு செய்யும் எவரும் உருமாற்ற நிரலை ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. காலிப் புலங்களுக்கு என்ன இட்டோம், எதை ஊகித்தோம், எதைக் கைவிட்டோம் என்ற பட்டியல் முறையியல் இயலில் இடம்பெற வேண்டும். மாற்றத்திற்கு முந்தைய மூலச் செய்தி அழியாமல் காக்கப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் சோதனையைக் கேட்கும் தேர்வாளர், இந்த நிரலையும் கேட்க வேண்டும். பதிப்பாசிரியர் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவரும்போது பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவது நமக்குப் பழகிய நேர்மை. அதே நேர்மையைத்தான் இங்கும் வேண்டுகிறேன்.

என் நிரலைத் திருத்திவிட்டேன். அறியாத மாதமும் நாளும் இப்போது அறியாதவையாகவே இருக்கின்றன. பகுப்பாய்வை முதலிலிருந்து மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போகலாம். உங்கள் தரவிலும் ஜனவரி 1ஐ ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கண்டதை இங்கே எழுதுங்கள்.